சீக்ரெட் லவ் அஃபேர் (2014): அங்கே தடை செய்யப்பட்டது காதல்தானா?

#1 அரைத்தூக்கம்

தகாத காதல் என்று இங்கே யாராவது இழை தொடங்கினால், இரண்டாவது பதிலிலேயே "எத்தனை வயசு வித்தியாசம்?" என்று பேச்சு போய்விடுகிறது. சீக்ரெட் லவ் அஃபேரையும் பலர் அப்படித்தான் ஒதுக்குகிறார்கள். நாற்பது வயதில் கல்யாணமான பெண், இருபது வயதுப் பையன், அவ்வளவுதானே என்று. என் கட்சி வேறு. பதினாறு எபிசோடிலும் மன்னிக்க முடியாத குற்றம் என்று அந்தக் கதை காட்டுவது படுக்கையறையில் நடப்பதை அல்ல. ஒரு பணக்காரக் குடும்பத்துக்கு உழைத்த பெண், தான் அங்கே வேலைக்காரிதான் என்று புரிந்துகொண்டு வெளியே நடப்பதைத்தான்.

பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம். முடிவு வரைக்கும் பேசப்போகிறேன், ஸ்பாய்லர் ஆகாதவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளவும்.

2014 மார்ச்சிலிருந்து மே வரை ஜேடிபிசி என்ற தென்கொரியச் சேனலில் வந்த தொடர். இயக்கம் ஆன் பான்-சொக், எழுத்து ஜுங் சுங்-ஜூ. கிம் ஹீ-ஏ நடித்த ஓ ஹே-வொன், சோஹான் என்ற குழுமத்தின் கலை அறக்கட்டளையில் பெரிய பதவியில் இருக்கிறாள். பியானோ படித்தவள், கையில் தசைநாண் அழற்சி வந்து வாசிப்பை விட்டவள். கணவன் காங் ஜுன்-ஹ்யோங் அதே குழுமத்துப் பல்கலைக்கழகத்தில் பியானோ பேராசிரியர். யூ ஆ-இன் நடித்த லீ சொன்-ஜே, பைக்கில் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கும் பையன். முறையாக யாரிடமும் படிக்காமலே அசாத்தியமாக வாசிப்பவன்.

சரி, ஹே-வொனின் உண்மையான வேலை என்ன? குழுமத்தின் சேர்மன் ஒரு பக்கம், அவருடைய மறுமனைவி ஹான் சோங்-சுக் ஒரு பக்கம், மகள் சோ யோங்-ஊ ஒரு பக்கம். மூவரும் ஒருவரை ஒருவர் நம்புவதில்லை. மூவருக்குமே உளவு சொல்வது ஹே-வொன். கணக்கில் வராத பணத்தை நகர்த்துவாள், மகளின் ரகசிய உறவுகளை மூடி மறைப்பாள், இசைக் கல்லூரியில் யாருக்கு சீட் என்பதைச் சத்தமில்லாமல் முடித்துவைப்பாள். யோங்-ஊ அவளுக்குப் பள்ளித் தோழி, ஆனால் பேருக்குத்தான். முதல் எபிசோடிலேயே கோபத்தில் மாஜோங் ஆட்டக் காயை எடுத்து ஹே-வொன் முகத்தில் வீசுகிறாள். ஹே-வொன் திருப்பி ஒரு வார்த்தை பேசுவதில்லை. அடுத்த வேலைக்குப் போய்விடுகிறாள்.

கதையில் சொன்-ஜே நுழைவதற்கு முன்பே தொடர் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டது என்று நினைக்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

#2 கறார்கமலா

அழகாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் ஒரு விஷயத்தை நைசாகத் தாண்டிவிட்டீர்கள். அந்தப் பையனுக்கு சீட் கிடைக்குமா, கிடைக்காதா என்பதே ஹே-வொன் கையில்தான் இருக்கிறது. அவன் எதிர்காலம், ஆசிரியர், மேடை எல்லாம் அவள் வழியாகத்தான் வரவேண்டும். அவனுடைய அம்மாவும் இறந்துவிடுகிறாள், கேட்க ஆள் இல்லை. இதே கதையில் அறக்கட்டளையின் நாற்பது வயது ஆண் அதிகாரி, இருபது வயதுப் பெண் மாணவி என்று மாற்றிப் பாருங்கள். இந்த இழையின் தலைப்பே வேறாக இருந்திருக்கும்.

சேபோல், அதாவது கொரியாவின் பெரும் பணக்காரக் குடும்பக் குழுமங்கள் மேல் விமர்சனம் என்ற போர்வையைப் போட்டுவிட்டால் எதையும் விற்கலாம் என்று இயக்குநருக்குத் தெரிந்திருக்கிறது.

#3 பஸ்டாண்டு_பரமு

தமிழ் டப்பிங் இருக்கா? புதுயுகத்தில் கொரியத் தொடர் போட்ட காலத்தில் வீடே உட்கார்ந்து பார்த்தது. இது வந்த மாதிரி ஞாபகம் இல்லை. 🙂

#4 அரைத்தூக்கம்

கமலா அக்கா, நீங்கள் சொல்வதைத் தொடரே மறைக்கவில்லை. பேராசிரியர் காங் அந்தப் பையனை எதற்குச் சேர்க்கிறார்? தன் மாணவன் என்று ஒரு மேதையைக் காட்டி, கல்லூரியில் தன் இடத்தை உயர்த்திக்கொள்ள. அறக்கட்டளைக்கு எதற்கு அவன் தேவை? வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்குப் பின்வாசலைத் திறக்கும்போது, முன்வாசலில் நிறுத்திவைக்க ஒரு ஏழை மேதை வேண்டும். எல்லோருமே அவனைப் பயன்படுத்துகிறார்கள், ஹே-வொனும் சேர்த்துத்தான். முதன்முதலில் அவனோடு சேர்ந்து வாசித்து முடித்ததும் கன்னத்தைக் கிள்ளி, இது உயர்தரப் பாராட்டு என்கிறாளே, அந்த வசனம் கொரியாவில் அப்போது எல்லார் வாயிலும் புரண்டது. அதில் காதல் எங்கே இருக்கிறது? எஜமானி பேசுகிறாள்.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு காட்சி. அவள் சொன்-ஜே வீட்டுக்குப் போகிறாள். பழைய கட்டடம், இடுக்கான அறை. அவன் பதறிப்போய் ஒரு துணியை எடுத்துத் தரையைத் துடைக்க ஆரம்பிக்கிறான், அவள் உட்கார ஓர் இடம் வேண்டுமே என்று. பார்க்கும்போது சாதாரணமாகக் கடந்து போகிறது. கடைசியில் நீதிமன்றத்தில் ஹே-வொன் பேசும்போது இதைத்தான் எடுக்கிறாள். அதுவரை தன்னையே தான் கொடுமைப்படுத்திக்கொண்டு வாழ்ந்ததாகவும், ஒரு மனிதன் தனக்கு உட்காரச் சுத்தமான இடம் பண்ணித்தர அப்படித் தவித்ததைப் பார்த்த பிறகுதான் அது உறைத்ததாகவும் சொல்கிறாள். முத்தத்தைச் சொல்லவில்லை, பியானோவைக்கூடச் சொல்லவில்லை.

இருபது வருஷம் மற்றவர்கள் சிந்தியதைத் துடைத்தவள் அவள். அவளுக்காக ஒருவன் துடைத்தான். தொடரில் வர்க்கம் பற்றிய பேச்சு எல்லாமே இந்த ஒரு செயலில் இருக்கிறது.

பரமு, டப்பிங் பற்றித் தெரியாது பாஸ். சப்டைட்டிலோடு பாருங்கள், வசனம் குறைவுதான்.

#5 நாலுகை

இசைப் பக்கத்திலிருந்து ஒன்று. அவர்கள் சேர்ந்து வாசிப்பது ஷூபர்ட்டின் எஃப் மைனர் ஃபேன்டஸி, டி.940. ஒரே பியானோவில் இரண்டு பேர் வாசிக்க எழுதியது. இரண்டு பியானோவுக்கு எழுதிய துண்டுகள் எத்தனையோ இருக்க, இதை ஏன் எடுத்தார்கள் என்பது வாசித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

நாலு கை வாசிப்பில் ஒரே பெஞ்ச். வலது பக்கம் இருப்பவருக்கு மேல் ஸ்வரங்கள், இடது பக்கம் இருப்பவருக்குக் கீழ் ஸ்வரங்கள். நடுவில் ஒருவரின் இடது கையும் மற்றவரின் வலது கையும் ஒரே இடத்துக்காக முட்டிக்கொள்ளும். ஒருவர் கட்டையை விட்டு விரலை எடுத்த கணமே மற்றவர் அதே கட்டையை அழுத்த வேண்டியிருக்கும். பெடல் ஒன்றுதான், பெரும்பாலும் இடது பக்கத்தவர் கால்தான் அதன் மேல் இருக்கும். அதாவது உங்கள் ஸ்வரம் எவ்வளவு நேரம் நிற்கவேண்டும் என்பதைப் பக்கத்தில் இருப்பவர் முடிவு செய்கிறார். மூச்சு சேராமல் இது நடக்காது. அந்தக் காட்சியைப் படுக்கையறைக் காட்சி மாதிரி எடுத்திருக்கிறார்கள் என்று பலர் சொல்வார்கள். இயக்குநர் பெரிதாக எதையும் சேர்க்கவில்லை, துண்டே அப்படித்தான்.

இன்னொன்று. ஷூபர்ட் இதை 1828ல் எழுதினார். அதே வருஷம் நவம்பரில், 31 வயதில் இறந்துவிட்டார். இதை அர்ப்பணித்தது கரோலின் எஸ்டர்ஹாசி என்ற பிரபு வீட்டுப் பெண்ணுக்கு, அவருடைய மாணவி. 1818ல் அந்தக் குடும்பத்துப் பெண்களுக்குப் பாட்டு வாத்தியாராகப் போனபோது ஷூபர்ட்டுக்கு ஒதுக்கிய இடம் பணியாட்கள் தங்கும் பக்கம். பிரபு வீட்டில் சம்பளத்துக்கு இருந்த வாத்தியார், வீட்டுப் பெண்ணுக்குக் கடைசி வருஷத்தில் எழுதிக்கொடுத்த துண்டு. எழுத்தாளர் ஜுங் சுங்-ஜூ இதைத் தெரியாமல் எடுத்திருப்பார் என்று நான் நம்பமாட்டேன்.

#6 வக்காலத்து

இழையில் ஒரு முக்கியமான விஷயம் இன்னும் வரவில்லை. இந்தத் தொடர் ஓடியபோது கொரியாவில் கள்ள உறவு கிரிமினல் குற்றம். தண்டனைச் சட்டம் பிரிவு 241, 1953லிருந்து இருந்தது. இரண்டு வருஷம் வரை சிறை. ஆண், பெண் இருவருக்குமே.

நம் ஊர் தண்டனைச் சட்டத்தின் பிரிவு 497 வேறு மாதிரி. அதில் ஆணுக்கு மட்டும்தான் தண்டனை, அதுவும் மனைவி கணவனின் சொத்து என்ற கணக்கில். நம் உச்ச நீதிமன்றம் அதை 2018ல் நீக்கியது. கொரியாவின் அரசியலமைப்பு நீதிமன்றம் 2015 பிப்ரவரி 26 அன்று ஏழுக்கு இரண்டு என்று பிரிவு 241ஐ ரத்து செய்தது. அதற்கு முன் 1990, 1993, 2001, 2008 என்று நான்கு முறை அதே நீதிமன்றம் அந்தச் சட்டத்தைக் காப்பாற்றியிருக்கிறது. 2008ல் ஒன்பது பேரில் ஐந்து பேர் சட்டத்துக்கு எதிராக நின்றார்கள். ஆறு பேர் வேண்டும் என்பதால் அது தப்பித்தது. அந்த வழக்கைக் கொண்டுபோனவர் ஒரு பிரபல நடிகை. அதே வருஷக் கடைசியில் அவருக்கு நிறுத்திவைக்கப்பட்ட சிறைத் தண்டனை கிடைத்தது. (2015 தீர்ப்பு வந்த அன்று ஆணுறை தயாரிக்கும் ஒரு கம்பெனியின் பங்கு 15 சதவீதம் ஏறியது. சந்தைக்குத் தத்துவம் எல்லாம் தெரியாது.)

இதில் தொடருக்குத் தேவையான நுணுக்கம் ஒன்று உண்டு. பிரிவு 241ல் போலீஸ் தானாக வழக்குப் போட முடியாது. கணவனோ மனைவியோ புகார் கொடுக்கவேண்டும். புகார் நிற்கவேண்டும் என்றால் விவாகரத்து வழக்கும் போட்டிருக்கவேண்டும். இப்போது பேராசிரியர் காங்கைப் பாருங்கள். அவருக்கு விஷயம் தெரிந்தும் எபிசோடு எபிசோடாகத் தயங்குகிறார். பாசத்தில் தயங்குகிறார் என்றா நினைக்கிறீர்கள்? அந்த வீடு, பதவி, சேர்மன் குடும்பத்தில் கிடைக்கும் மரியாதை எல்லாமே மனைவி வழியாக வந்தது. புகார் கொடுத்தால் எல்லாம் போய்விடும். அதனால் புகாரைக் கொடுப்பதைவிடக் கொடுக்கப்போவதாக வைத்துக்கொள்வதுதான் லாபம். சட்டம் குடும்பத்தைக் காப்பாற்ற வந்தது என்று சொன்னார்கள். நடைமுறையில் அது பேரம் பேசும் சீட்டாக இருந்தது.

#7 கறார்கமலா

வக்காலத்து சார், இது நல்ல விஷயம். ஆனால் உங்கள் வாதமே என் பக்கம் சாய்கிறது. சட்டம் போன பிறகு என்ன ஆனது? 2020ல் அதே ஜேடிபிசி, அதே கிம் ஹீ-ஏ, தி வேர்ல்ட் ஆஃப் தி மேரீட். இந்தத் தடவை அவர் ஏமாற்றப்பட்ட மனைவி, டாக்டர். பிரிட்டிஷ் தொடர் ஒன்றின் தழுவல். கடைசி எபிசோடு 28 சதவீதத்தைத் தாண்டியது. கொரியாவில் அந்த மாதிரிக் கட்டணச் சேனல்களில் அதுவரை எந்தத் தொடரும் தொடாத எண். அதில் கணவன் மாட்டிக்கொண்டதும் கத்துகிறானே, காதலித்தது ஒன்றும் குற்றமில்லையே என்று. ஊரே அவனைக் காறித் துப்பியது.

சட்டப்படி அவன் சொன்னது சரிதான். 2015க்குப் பிறகு அது குற்றமில்லை. ஜனங்கள் அதை ஏற்றுக்கொள்ளவில்லை, பழிவாங்கலைத்தான் உட்கார்ந்து பார்த்தார்கள். சீக்ரெட் லவ் அஃபேருக்கு விருது கிடைத்தது, கூட்டம் போனது இதற்கு.

#8 அரைத்தூக்கம்

கூட்டம் போனதை வைத்து எது நல்ல தொடர் என்று முடிவு பண்ணினால் நாம் எல்லாரும் மெகா சீரியல் இழைக்குப் போய்விடலாம், அக்கா. ஆனால் ஒப்பீடு நன்றாக இருக்கிறது. வேர்ல்ட் ஆஃப் தி மேரீட்டில் பணக்காரர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், பணம் எங்கிருந்து வருகிறது என்று கதை கேட்பதே இல்லை. காட்டிக்கொடுப்பது, வெஞ்சினம், அக்கம்பக்கத்துப் பேச்சு எல்லாம் வீட்டுக்குள்ளேயே சுற்றுகிறது. 2014 தொடர் ஒவ்வொரு காட்சியிலும் யார் யாருக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்பதைக் காட்டிக்கொண்டே இருக்கும். எனக்கு அந்த வித்தியாசம்தான் வேண்டும்.

#9 தூரத்து_சன்னல்

தேஜோனில் ஆராய்ச்சிக்காக இருக்கிறேன், இந்த ஊர்க்காரர்களோடு இதைப் பேசியிருக்கிறேன். அவர்கள் இந்தத் தொடரைப் பற்றி முதலில் சொல்வது காதல் அல்ல. ஜுங் யூரா என்ற பெயர்.

தொடரில் திறமையே இல்லாமல் இசைக் கல்லூரிக்குள் வரும் ஒரு மாணவியின் பெயர் அது. 2016ல் அதிபர் பார்க் கன்-ஹேவின் நெருங்கிய தோழி சோய் சூன்-சில் விவகாரம் வெடித்தபோது, அவர் மகள் குதிரையேற்ற வீராங்கனை என்று சொல்லி இஹ்வா மகளிர் பல்கலைக்கழகத்தில் முறைகேடாகச் சேர்க்கப்பட்டது தெரியவந்தது. அந்த மகளின் பெயரும் ஜுங் யூரா. அவர் சேர்ந்தது 2015ல். தொடர் வந்தது அதற்கு முன். பழைய காட்சிகளை வெட்டி ஆளாளுக்குப் பரப்பினார்கள், எழுத்தாளருக்கு ஜோசியம் தெரியுமா என்று கேட்டார்கள். பெயர் ஒத்துப்போனது தற்செயல்தான். சீட் வாங்கும் முறை ஒத்துப்போனதைத் தற்செயல் என்று சொல்லமுடியாது. இஹ்வா மாணவிகள் வளாகத்தில் போராடினார்கள், பல்கலைக்கழகத் தலைவர் பதவி விலகினார், கடைசியில் அந்தச் சேர்க்கை ரத்தானது.

சோய் சூன்-சிலின் டேப்லெட் கணினியைப் பிடித்து 2016 அக்டோபர் 24 அன்று செய்தியாகப் போட்டதும் ஜேடிபிசிதான். 2017 மார்ச் 10ல் அதிபர் பதவி பறிபோனது.

இதில் இன்னொரு முடிச்சு. ஜேடிபிசி யாருடையது? ஜூங்ஆங் குழுமம். அதன் ஹோங் சொக்-ஹ்யுன், சாம்சங் சேர்மனாக இருந்த லீ குன்-ஹீக்கு மைத்துனர். லீயின் மனைவி ஹோங் ரா-ஹீதான் 'லீயும்' (Leeum) என்ற கலை அருங்காட்சியகத்தை நடத்தியவர். 2007ல் சாம்சங்கின் முன்னாள் சட்டத்துறைத் தலைவர் ரகசியப் பணம் பற்றி வெளியே வந்து பேசியபோது, விலை உயர்ந்த ஓவியங்கள் அந்தப் பணத்தில் வாங்கப்பட்டன என்ற குற்றச்சாட்டும் அதில் இருந்தது. ஓவியப் பகுதி வழக்காக நிற்கவில்லை. ஆனால் "சேபோல், கலை அறக்கட்டளை, ரகசியப் பணம்" என்ற மூன்றும் சேர்ந்து இங்கே எல்லார் மனதிலும் பதிந்துவிட்டது. அப்படிப்பட்ட சொந்தம் உள்ள ஒரு சேனலில் சேர்மன் மனைவியின் கலை அறக்கட்டளையைக் கிழித்துத் தொங்கவிடும் தொடர் வந்தது என்றால், துணிச்சல் என்பதா, வியாபாரம் என்பதா? இங்கே என் லேபில் இதைக் கேட்டால் பாதிப்பேர் சிரிக்கிறார்கள், பாதிப்பேர் எழுந்து காபி போடப் போய்விடுகிறார்கள்.

#10 வக்காலத்து

இரண்டும்தான். தொடரில் அவர்களே சொல்லிவிட்டார்களே, கலை எதற்கு உதவும் என்று.

#11 சின்னத்திரைச்சித்தி

எல்லாரும் ஒரே தொடரைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள். அந்த எழுத்தாளர், இயக்குநர் ஜோடி இதை மூன்று தடவை எழுதிப் பார்த்திருக்கிறார்கள், வரிசையாகப் பார்த்தால்தான் அவர்கள் எங்கே போனார்கள் என்று தெரியும்.

2012ல் எ வைஃப்ஸ் கிரெடென்ஷியல்ஸ். அதிலும் கிம் ஹீ-ஏதான். சியோலில் தேச்சி-தோங் என்று ஒரு இடம், தெருவுக்குத் தெரு டியூஷன் சென்டர். மகனை நல்ல பள்ளியில் சேர்க்க அங்கே குடிவருகிறார்கள். வெளியே நியாயம் பேசும் கணவன், வீட்டில் மார்க் மார்க் என்று உயிரை எடுப்பான். அவள் ஒரு பல் டாக்டரை விரும்பிவிடுகிறாள். மாமியார், நாத்தனார், டியூஷன் அம்மாக்கள் என்று ஒரு ஊரே அவளைத் தீர்ப்பு சொல்ல வந்து உட்காரும். அதில் காதல்தான் அவளை வெளியே கொண்டுவருகிறது.

2014 உங்களுக்குத் தெரியும்.

2015ல் எஸ்பிஎஸ் சேனலில் ஹியர்ட் இட் த்ரூ தி கிரேப்வைன், 30 எபிசோடு. பெரிய சட்ட நிறுவனம் நடத்தும் வீட்டுப் பையன், சாதாரண வீட்டுப் பெண்ணைக் கர்ப்பமாக்கிவிடுகிறான். நிறைமாதத்தில் அவள் அந்த மாளிகைக்கு வந்து, அங்கேயே பிரசவமும் ஆகிவிடுகிறது. வழக்கமான கதையாக இருந்தால் மாமியார் கொடுமை, கடைசியில் பாட்டி பேரனைத் தூக்கிக் கொஞ்சுவது என்று முடித்திருப்பார்கள். இது அப்படிப் போகவில்லை. அந்த வீட்டுச் சமையல்கட்டுக்குக் கேமரா இறங்கிவிடுகிறது. வேலைக்காரர்கள், டிரைவர், செயலாளர், டியூட்டர் எல்லாருக்கும் அந்தக் குடும்பத்தைப் பற்றி எல்லாம் தெரியும். மருமகளாக வந்தவள் பேச ஆரம்பித்ததும் இவர்களும் சம்பளம், வேலை நேரம் என்று பேச ஆரம்பிக்கிறார்கள். ஒரு காதல் கதை தொழிற்சங்கக் கதையாக மாறுவதை நான் டிவியில் வேறெங்கும் பார்த்ததில்லை. கடைசியில் அந்த வீட்டுப் பெரிய மனுஷன் அத்தனை பெரிய வீட்டில் தன்னந்தனியாக நிற்கிறார்.

முதல் தொடரில் ஒருத்தி காதலுக்காக வெளியே போனாள், இரண்டாவதில் ஒருத்தி ஜெயிலுக்குப் போனாள், மூன்றாவதில் வீட்டையே காலி பண்ணிவிட்டார்கள். பாரசைட் படத்தைப் பார்த்துவிட்டு "கொரியாவில் வேலைக்காரர்களைப் பற்றி எடுக்கிறார்கள்" என்று அதிசயப்பட்டவர்கள் முதலில் இதைப் பாருங்கள்.

#12 பஸ்டாண்டு_பரமு

சித்தி, மூன்றில் எதை முதலில் பார்ப்பது?

#13 சின்னத்திரைச்சித்தி

சிரிப்பு வேண்டும் என்றால் 2015. இருட்டாக இருந்தாலும் பரவாயில்லை என்றால் 2014. இருட்டு என்றது கதையை மட்டும் இல்லை, நிஜமாகவே லைட் போடாமல் எடுத்திருப்பார்கள். பகலில் பார்த்தால் உங்கள் முகம்தான் ஸ்கிரீனில் தெரியும்.

#14 மறுபக்கம்

ஆண்-பெண் கதைகளில் எல்லாத் தடையும் கடைசியில் கரைந்துவிடுகிறது, கவனித்தீர்களா? வயது, கல்யாணம், பணம், வடகொரிய எல்லை வரைக்கும் கரைந்துவிட்டது. கரையாதது ஒன்று இருக்கிறது.

2010ல் எஸ்பிஎஸ்ஸில் லைஃப் இஸ் பியூட்டிஃபுல். மூத்த எழுத்தாளர் கிம் சூ-ஹ்யுன் எழுதிய குடும்பத் தொடர், வார இறுதியில் வீட்டோடு உட்கார்ந்து பார்ப்பது. ஜேஜூ தீவில் கூட்டுக் குடும்பம். மூத்த மகன் டாக்டர், இன்னொரு ஆணைக் காதலிக்கிறான். அம்மாவும் அப்பாவும் அழுதாலும் கடைசியில் மகன் பக்கம் நிற்கிறார்கள். அதற்குச் சில அமைப்புகள் சேர்ந்து பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தன: இதைப் பார்த்து எங்கள் மகன் அப்படி ஆகி எய்ட்ஸில் செத்தால் எஸ்பிஎஸ்தான் பொறுப்பு என்ற ரீதியில். பதினோரு வருஷம் கழித்து, 2021ல் மைன் தொடரில் கிம் சோ-ஹ்யுங் சேபோல் வீட்டு மூத்த மருமகளாக வருகிறார், மனதில் பழைய காதலி. அழகான பாத்திரம். ஆனால் அவளுக்கு அதைச் சொல்லும் தைரியம் வருவது அந்தக் குழுமத்தையே நடத்தும் இடத்துக்கு அவள் போகும்போது.

அதாவது அதிகாரம் இருந்தால் தடை இல்லை. அரைத்தூக்கம் சொல்வது இதற்கும் பொருந்தும், ஆனால் எனக்கு அது ஆறுதலாக இல்லை.

#15 கறார்கமலா

மறுபக்கம், இதைத்தான் நானும் வேறு வழியில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஆன் பான்-சொக் 2018ல் எடுத்த சம்திங் இன் தி ரெயின் எனக்கு நேர்மையாகப் பட்டது. சோன் யே-ஜின் காபி கம்பெனியில் வேலை பார்க்கும் முப்பத்தைந்து வயதுப் பெண். தோழியின் தம்பியை விரும்புகிறாள். சட்டப்படியும் முறைப்படியும் எந்தத் தடையும் கிடையாது! இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை, உறவு இல்லை, பெரிய வயது வித்தியாசமும் இல்லை. ஆனாலும் அம்மா ஆடித் தீர்த்துவிடுகிறாள், பையனின் அப்பா குடும்பத்தை விட்டுப் போனவர், வீட்டுப் பின்னணி சரியில்லை என்று. தடை என்பது சட்டத்தில் இருக்கவேண்டியதில்லை, ஒரு அம்மாவின் சமையலறையில் இருந்தால் போதும்.

ஆபீஸ் விருந்துகளில் மேலதிகாரிகளுக்குச் சாராயம் ஊற்றி, கறி சுட்டுப்போட்டு, தோளில் விழும் கைகளைத் தள்ளிவிட்டுக்கொண்டே இருந்தவள் அவள். ஒரு நாள் புகார் கொடுக்கிறாள். தொடர் வந்தது 2018 மார்ச் கடைசியில். அந்த ஜனவரியில்தான் அதே சேனலின் செய்தியில் ஒரு பெண் அரசு வழக்கறிஞர் நேரலையில் உட்கார்ந்து தனக்கு நடந்ததைச் சொன்னார். கொரியாவில் மீடூ அங்கிருந்துதான் பற்றியது. காதல் பாதியைவிட அந்த ஆபீஸ் பாதிதான் எனக்கு நிற்கிறது. இரண்டாம் பாதி ஜவ்வு, அதையும் சொல்லிவிடுகிறேன். அதே இரண்டு பாட்டை எத்தனை தடவை போடுவார்கள்!

#16 நாலுகை

பாட்டு விஷயத்தில் அக்காவுக்கு என் முழு ஆதரவு.

#17 அரைத்தூக்கம்

முடிவைப் பேசாமல் விட்டுவிடக்கூடாது. என் கட்சிக்கு அதுதான் ஆதாரம்.

ஹே-வொன் மாட்டிக்கொள்ளவில்லை, தானாகவே போய் ஆவணங்களைக் கொடுக்கிறாள். சேர்மன் குடும்பம் அவளைப் பலிகடா ஆக்கப் பார்த்தது, அவள் முந்திக்கொண்டாள். ஜெயிலுக்குப் போவது அறக்கட்டளையில் செய்த பண மோசடிக்காக. வக்காலத்து சார் சொன்ன பிரிவு 241 புத்தகத்தில் உயிரோடு இருந்த வருஷம் அது. அப்படியும் கதை அவளைக் காதலுக்காக உள்ளே அனுப்பவில்லை. எழுத்தாளர் நினைத்திருந்தால் அந்தப் பிரிவை வைத்தே முடித்திருக்கலாம், ஊரும் கைதட்டியிருக்கும்.

ஜெயிலில் சொன்-ஜே பார்க்க வரும்போது அவள் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். நீ வந்து செய்யவேண்டியதை எல்லாம் செய்துவிட்டாய், என்னைக் காதலித்தாய், என்னிடம் இருந்த எல்லாம் போகும்படி பண்ணினாய், நானாக இருந்தால் முடிந்திருக்காது, நன்றி, நீ போகலாம் என்கிற மாதிரிப் பேசுகிறாள். காதலனிடம் "எல்லாவற்றையும் இழக்கவைத்ததற்கு நன்றி" என்று சொல்லும் கதாநாயகியை நான் வேறு தொடரில் பார்த்ததில்லை.

#18 கறார்கமலா

பார்த்தேன், எனக்கும் பிடித்த காட்சிதான். ஆனால் அதே வசனத்தை அந்தப் பையன் பக்கத்திலிருந்து ஒரு முறை கேட்டுப் பாருங்கள். "நீ வந்து செய்யவேண்டியதைச் செய்துவிட்டாய்." யாருக்குச் செய்யவேண்டியது? அவளுக்கு. கடைசி வரைக்கும் அவன் அவளுக்காகத் துடைத்துக்கொண்டேதான் இருக்கிறான். முதலில் தரையை, அப்புறம் மனசாட்சியை.

அப்புறம் தா-மி. சொன்-ஜேயை விரும்பிய பெண், அழகு நிலையத்தில் வேலை பார்ப்பவள். இந்தப் பணக்காரப் பெண்களின் தலையைக் கழுவி நாளெல்லாம் நிற்பவள். தொடர் வர்க்கத்தைப் பற்றித்தான் என்றால், அதில் நிஜமான உழைப்பாளி அவள்தானே? பதினேழு பதிவுகளில் ஒருத்தரும் அவள் பெயரைச் சொல்லவில்லை.

#19 அரைத்தூக்கம்

தா-மிக்கு என்னிடம் பதில் இல்லை அக்கா. தொடரிடமும் இல்லை என்றுதான் நினைக்கிறேன். அவளுக்குக் கோபப்பட இடம் கொடுத்தார்கள், கதை கொடுக்கவில்லை.

#20 சின்னத்திரைச்சித்தி

அதனால்தான் சொன்னேன், 2015 தொடரைப் பாருங்கள் என்று. தா-மி மாதிரி ஆட்களை எல்லாம் அங்கேதான் உட்கார வைத்துப் பேசவிட்டார்கள். அடுத்த இழையை அதற்குத் தொடங்குங்கள், கமலா. நீங்களே முதல் பதிவு போடுங்கள்.

#21 பஸ்டாண்டு_பரமு

நேற்று ராத்திரி 2014ஐ ஆரம்பித்து மூன்று எபிசோடு முடித்தாச்சு. மாமியார்-மருமகள் சண்டை பார்த்துப் பழகினவனுக்குச் சித்தி-மகள் சண்டை புதுசு, அதுவும் தலையைக் கழிப்பறையில் முக்குகிற அளவுக்கு. எல்லாரும் ஹே-வொனைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள். எனக்கு என்னமோ அந்த யோங்-ஊவைப் பார்த்தால்தான் பாவமாக இருக்கிறது.

#22 கறார்கமலா

நாலாவது எபிசோடையும் பார்த்துவிட்டு வாங்க தம்பி, பேசிக்கலாம்.